எண்ணெய் பார்த்துப் பந்து எடுத்த கதை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் எண்ணெய் விஷயத்தில் எனக்குப் பாடம் சொல்ல இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும். கம்பைநல்லூரில் ஒற்றைச் செக்கில் தொடங்கி இன்று மூன்று மில் வைத்திருக்கிறேன். (நாலாவதுக்கு இடம் பார்த்தாயிற்று.) ஒரு சொட்டை விரலில் தேய்த்தாலே கலப்படம் தெரிந்துவிடும். அந்தத் திமிர்தான் பெங்களூரில் என்னைக் குப்புறத் தள்ளியது.

பெரிய மகளுக்குச் சம்பந்தம் பேசப் போயிருந்தோம். எல்லாம் கூடிவந்தது. கல்யாணம் எந்த ஊரில் என்பதில் மட்டும் இழுபறி. மாப்பிள்ளை வீட்டு ஊரில் செய்வதுதான் எங்கள் வழக்கம். நானோ யாரையும் கேட்காமல் எங்கள் ஊர் மண்டபத்தைப் பேசிவிட்டு, மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் தம்பட்டம் அடித்திருந்தேன்.

சம்பந்தி எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூர் போய்ச் சேர்ந்தவர், பவுலிங் பைத்தியம். "பேசிப் பேசி என்னங்க ஆவப்போவுது? வாங்க, ஒரு ஆட்டம் போடலாம். ஜெயிக்கிறவங்க ஊர்ல கல்யாணம்" என்று குடும்பத்தோடு ஒரு மாலுக்கு அழைத்துப் போனார். நீளமான பளபளப்புப் பாதை, கோடியில் பத்துக் கட்டைகள். பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். அவர் தன் பையிலிருந்து இரண்டு பந்துகளை எடுத்தார். ஒன்று கண்ணாடி மாதிரி வழவழ, மற்றது சொரசொர.

"பாதைக்கு எண்ணெய் பூசியிருப்பாங்க சம்பந்தி. பந்து கடைசில திரும்பி அடிச்சாத்தான் கட்டை எல்லாம் சாயும். எண்ணெயப் பாத்துதான் பந்து எடுக்கணும். நானே எடுத்துத் தரட்டுங்களா?"

எண்ணெயைப் பற்றி என்னிடமா!

தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டிப் பாதைக்குள் இறங்கினேன். ஏதோ மணி அலறியது. (நமக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.) விரலால் வழித்து, தேய்த்து, மோந்து, நாக்கிலும் வைத்தேன்.

"ஐயோ, அத ஏங்க நக்கறீங்க!" என்று கத்தினாள் என் மனைவி.

"கடலை எண்ணெய் இல்ல. ஆனா தாராளமா ஊத்தியிருக்கான். வழவழப் பந்து நேரா வழுக்கிட்டுப் போயிரும், திரும்பாது. சொரசொரப்புதான் புடிச்சித் திரும்பும். அதக் குடுங்க சம்பந்தி."

சம்பந்தி அசந்துபோனார். "எனக்கே இது புரிய ரெண்டு வருஷம் ஆச்சுங்க!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பந்தோடு ஓடி வந்தேன். பந்துக்கு எண்ணெய் பார்த்தவன், அங்கே எனக்கு மாட்டிவிட்ட ஷூவின் அடியைப் பார்க்கவில்லை. பாதையில் அப்பிய எண்ணெய் என்னை வாரிவிட்டது. சரியான பந்துதான், ஓரக் கால்வாயில் போய் விழுந்தது. நான் வேட்டியோடு பாதை நடுவில். கைகொடுக்க ஓடி வந்த சம்பந்தியும் வழுக்கி என் மேலேயே பொத்தென்று விழுந்தார்.

எழுந்தால் வழுக்கினோம், வழுக்கினால் விழுந்தோம்.

சம்பந்தியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டே என் மனைவியிடம் கேட்டார்: "உங்க ஊர் மண்டபத்துல தரை எப்படிங்க?"

"சிமெண்டுத் தரைங்க. சொரசொரன்னு இருக்கும்."

"அப்ப அங்கயே வச்சிக்கலாம். பையன் தாலி கட்டற வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் நிக்கணும் இல்ல?"

கம்பைநல்லூரில் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. ஆக, ஜெயித்தது நான்தான். இதை மகளிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. அவள் வீட்டுக்கு எப்போது போனாலும் வாசலிலேயே குரல் வரும்:

"அப்பா, இப்பதான் தரை தொடச்சேன். நக்கிப் பாத்துட்டு உள்ள வாங்க!"