ஐம்பத்தேழில் நின்ற முகடும் என் இடது கையும்

இன்ஸ்ப்ருக், புதன்கிழமை

அன்புத் தங்கை நோட்புர்காவுக்கு, அண்ணன் செவரின் எழுதுவது. உன் முழங்கால் வலியும் உன் மாடுகளும் உனக்கு அடங்கி நடப்பதாக நம்புகிறேன். எழுதும்போது தடுமாறுவேன் என்பதால் சொல்லவிருப்பதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. உன் மகள் மெலிட்டாவின் உடல்நிலை.
2. அவளுடைய முனைவர் பட்டத்துக்கு வந்திருக்கும் ஆபத்து.
3. அதற்கு முழுக் காரணம் நான் என்பது.
4. ஊர் வாத்தியக் குழு.

முதலாவது: நன்றாக இருக்கிறாள்.

இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் நான்கு தண்டுகள். அவற்றின் மின்புலம் கால்சியம் அயனிகளை எதையும் தொடவிடாமல் அந்தரத்தில் பிடித்து வைக்கும். அதுதான் பொறி. மெலிட்டா அதற்குள் துளி மெத்தனால் ஆவியை விடுவாள், காத்திருப்பாள், பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு நீண்ட குழாயில் ஓடவிடுவாள். இலேசானது முந்தும், கனமானது பிந்தும், வந்து சேரும் நேரத்தை வைத்து எது பிறந்தது என்று எடை சொல்லிவிடலாம். திரையிலுள்ள வரைபடத்தில் ஐம்பத்தேழு என்ற எடையில் ஒரு முகடு நிற்கிறது. நாற்பது கால்சியம், பதினேழு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். மெத்தனாலிலிருந்து பிறந்தது என்கிறாள் மெலிட்டா. கலத்தில் தங்கிய ஈரம் கொடுத்தாலும் அதே ஐம்பத்தேழுதான் வரும். ஈரம் என்றால் நான்காம் அத்தியாயம், அதாவது அவளுடைய மூன்று வருட உழைப்பு, வெறும் அழுக்கு.

மூன்றாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என் வாழ்வில் இவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை: அந்த ஈரம் என் இடது கை வியர்வை. ஓய்வு பெற்றவன் செவ்வாய்தோறும் ஆய்வகத்துக்குப் போய்த் திருகாணி முறுக்குவானேன்? பிப்ரவரியில் பொறியைப் பூட்டும்போது நடுவில் புகையிறைச்சியும் ரொட்டியும் தின்னப் போனேன், இறைச்சி நறுக்க இடது கையுறையைக் கழற்றினேன், திரும்ப மாட்டியதாக நினைவில்லை, மூன்று இரவு யோசித்தும் நினைவில்லை. வெறுங்கையால் பொறியைத் தொடுவதும் சன்னிதிக்குள் செருப்போடு போவதும் எங்களுக்கு ஒன்று. நேற்று அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் பிராக்ஸ்மாரரிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"செவரின் ஐயா, இத எழுதிக் குடுக்க முடியுமா?"

"மூணு பிரதி எடுத்தாச்சுங்க."

அவர் மெலிட்டாவைக் கூப்பிட்டார். "நாலாம் அத்தியாயம் சந்தேகம்தாம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற மாதிரி காட்டலன்னா பட்டம் அடுத்த வருஷம்தான்."

வெளியே வந்ததும் என்மேல் பாய்ந்தாள். "மாமா, உங்கள யாராவது கேட்டாங்களா? பூட்டினதுக்கு அப்புறம் கலத்தத் தகடு சுத்தி ஒரு வாரம் சுட்டமே, நூத்தம்பது டிகிரியில! உங்க வேர்வை என்ன சிரஞ்சீவியா?"

"சூடு எட்டாத மூலை ஒண்ணு இருக்கலாமேம்மா..."

"மூலை இல்ல மாமா. உங்க மூளைதான்!"

பிள்ளை கோபத்தில் பேசுகிறது, தவறில்லை. ஆகவே நான்காவது: பட்டமளிப்பு விருந்துக்கு நீ சொல்லிவைத்த வாத்தியக் குழுவை நிறுத்திவிடு. குழுவுக்கு அனுப்ப மன்னிப்புக் கடிதத்தின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் கையெழுத்து மட்டும் போதும்.

உனக்கும் மாடுகளுக்கும் இறைவன் துணையிருக்கட்டும். முடிந்தால் என்னை மன்னித்துவிடு.

உன் அண்ணன்,
செவரின்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: தபால்தலை போதுமா என்ற ஐயத்தில் இக்கடிதம் இரண்டு நாள் என் பையிலேயே இருந்தது. இன்று காலை மெலிட்டா சாதாரண மெத்தனாலுக்குப் பதிலாக, எடை ஒன்று கூடிய கன ஹைட்ரஜன் சேர்ந்த மெத்தனாலைக் கலத்துக்குள் விட்டாள். ஈரத்தின் வேலை என்றால் முகடு ஐம்பத்தேழிலேயே நிற்க வேண்டும். நகர்ந்து ஐம்பத்தெட்டில் போய் நின்றது. மூன்று முறை செய்யச் சொன்னேன். மூன்று முறையும் ஐம்பத்தெட்டு. பேராசிரியர் என் மூன்று பிரதிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இப்ப சொல்லுங்க மாமா, உங்க வேர்வையில கன ஹைட்ரஜனா ஓடுது?"

இருக்க வாய்ப்பில்லை என்றேன், சற்று யோசித்து.

வாத்தியக் குழு வரட்டும். மேலே மூன்றாவதாக எழுதியதைத் திருத்திக்கொள். அப்படி எழுதியது என் தவறு, ஆனால் அந்த முகடு என் தவறு அல்ல.