முதலையும் மருமகளும் நானும்

வாசிப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேச, ஒரு புத்தகம்கூட வாசித்திருக்க வேண்டியதில்லை. தென்காசியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிதில் நான் இதைத்தான் நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

பாடவேளையில் நாட்டுப்புறக் கதைகளை வாசிக்க வைத்தால் பிள்ளைகளுக்கு மொழி தானாக வசப்படும் என்று ஒரு கூட்டத்தில் யாரோ பேசக் கேட்டேன். (கேட்டதோடு சரி.) தலைமையாசிரியையிடம் மன்றாடி ஒரே கதைத் தொகுப்பை நாற்பது பிரதி வாங்க வைத்து, ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்தேன். கதை படிக்காதவன் மனிதனே இல்லை என்று தினமும் முழங்கினேன். என் பிரதியை மேசைமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தேன்.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் மேலதிகாரிகளுக்கு எங்கள் பள்ளிமேல் அக்கறை பொங்கிவிடும். அந்த ஆனியிலும் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். அருவியில் குளித்த தலை இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கோ வேலை நிரந்தரமாகவில்லை. அவர் எழுதப்போகும் குறிப்பில்தான் எல்லாம் இருந்தது. போதாததற்கு, கல்யாணமாகி இரண்டே மாதமான என் மனைவி செல்வி, அதே பள்ளியில் கணக்கு டீச்சர்; இரண்டு வகுப்புக்கும் நடுவே இருந்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“யாராவது ஒரு கதை சொல்லுங்க பாப்போம்” என்றார் அதிகாரி.

முப்பிடாதி என்ற மாணவி எழுந்தாள். ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன மருமகளின் காலை முதலை கவ்வியது வரை அருமையாகச் சொன்னாள். அதிகாரி கையை உயர்த்தினார்.

“மீதிய ஒங்க சார் சொல்லட்டும்.”

தொண்டையைச் செருமினேன். “மருமகளின் பொறுமையைக் கண்டு முதலை மனம் திருந்தியது. அவளை முதுகில் ஏற்றிக் கரை சேர்த்தது. ஆகவே மாணவர்களே...”

வகுப்பே சிரித்தது.

“சார், அப்படி இல்ல” என்றாள் முப்பிடாதி, பரிதாபத்தோடு. “அவ முதலையக் கொன்னு கொழம்பு வச்சு மாமியாளுக்கு ஊத்துதா. மாமியா, மீன் நல்லாருக்குன்னு ரெண்டாந்தடவ வேற கேக்கா.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “நீங்க படிச்சீங்களா?”

“படிச்சேன் சார். அது வேற பதிப்பு.” (அந்தப் பதிப்பில் முதலை சைவம் போலிருக்கிறது.)

அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தது. “ஆமா சார், வேறதான் படிச்சிருப்பாரு. இந்த புக்குக்கு இன்னும் கவரே பிரிக்கலயே. அங்கன மேசைமேல இருக்கு பாருங்க.”

அதிகாரி எடுத்துப் பார்த்தார். கண்ணாடித்தாள் பளபளத்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் கணக்குப் பாடம் நின்றுபோயிருந்தது.

‘மாணவர்கள் ஆர்வமாக வாசிக்கிறார்கள். ஆசிரியரையும் ஊக்குவிக்கலாம்’ என்று எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியை அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். வருடம் முடியும்வரை வாரம் ஒரு பாடவேளை நான் முதல் பெஞ்சில் உட்கார, முப்பிடாதி கேள்வி கேட்டாள். வேலை நிரந்தரமாக இன்னொரு வருடம் ஆனது. (கதைகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. வயிற்றெரிச்சல்.)

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி சுரண்டையில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டது. இன்றும் எங்கள் வீட்டுக்குப் பார்சல் வந்தால் யாரும் கத்தரிக்கோலைத் தேடுவதில்லை. இப்போது எங்களோடு இருக்கும் மாமனார் அதை என் மடியில் வைத்து, “மாப்ள, உள்ள என்ன இருக்கு? வெளிய இருந்தே சொல்லுங்க பாப்போம்” என்பார்.

போன வாரம் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டேன்.

“நம்பாதீங்கப்பா” என்றாள் செல்வி. “யாருக்கும் தெரியாம பிரிச்சுப் பாத்திருக்காரு.”