டிராங்க்வில் வெடி

ஊர்க்காவலன் பெருமை பொங்க நீட்டிய வெடி லேபிளைப் பார்த்ததும் பாண்டிச்செல்விக்குத் தலை சுற்றியது. வாயைப் பிளந்த சிங்கம், சுற்றிலும் நெருப்பு, அடியில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர்: 'டிராங்க்வில்'.

"என்னங்க இது?"

"புது அணுகுண்டுக்குப் பேரு. முதலாளியம்மா இங்கிலீஷ்ல நல்ல பேரா வைக்கச் சொன்னாக. நீதான் விடிஞ்சா எந்திரிச்சா டிராங்க்வில் டிராங்க்வில்னு கத்திக்கிட்டுக் கெடக்கியே. கேக்கவே எம்புட்டு கெத்தா இருக்கு!"

"ஐயோ, அதுக்கு அமைதின்னு அர்த்தம்!"

ஊர்க்காவலன் சிங்கத்தைப் பார்த்தான். சிங்கம் அவனைப் பார்த்தது.

இரண்டு பேருக்கும் விஸ்வநத்தத்தில், சொர்ணலட்சுமியம்மாவின் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. அவன் லேபிள் அச்சடிக்கிறவன், அவள் பாக்கெட் போடுகிறவள். வெளிமாநில வியாபாரிகளிடம் ஆங்கிலத்தில் பேச ஆபீசுக்கு ஆள் வேண்டும் என்று முதலாளியம்மா சொன்னதும், பாண்டிச்செல்வி போனில் இங்கிலீஷ் கிளாஸ் பார்த்து உருப்போட ஆரம்பித்தாள். காட்டை உயிராக நினைக்கும் ஒரு மலைச்சனத்தைப் பற்றிய பாடம். மரத்தைக் கும்பிடுவார்கள், அதிர்ந்து பேச மாட்டார்கள். உலகத்தில் உள்ள கஷ்டமான வார்த்தை எல்லாவற்றையும் அந்த அப்பாவிகள் தலையில் கட்டியிருந்தார்கள். வியாழக்கிழமை இன்டர்வியூ. அதற்குள் இவன் தன் வேலைக்கே உலை வைத்துவிட்டு நிற்கிறான்.

"பேருக்கு முன்னால 'நாட்'டுன்னு ஒரு வார்த்தை சேத்துருங்க. அமைதி இல்லைன்னு ஆயிரும், சரியாப் போயிரும்."

மறுநாள் சாயங்காலம், மழையில் நனைந்துகொண்டே புது லேபிளோடு வந்தான். 'செரீன் டிராங்க்வில்.'

"நாட்டு எங்க?"

"அது சின்னப்புள்ளைக இங்கிலீஷ், செல்வி. அதான் நீ அடுத்தாப்புல சொல்லுவியே, செரீன்னு, அதப் போட்டேன்."

"அதுக்கும் அமைதிதாங்க அர்த்தம்! அந்தச் சனத்துக்கு வேற கொணமே கெடையாது!"

"இம்புட்டு அமைதிய வச்சுக்கிட்டு என்னதான் பண்ணுவாகளோ" என்று அவன் அலுத்துக்கொண்டான்.

"அடியில இடம் இருக்குல்ல, பயங்கரமா சத்தம் வரும்னு ஒரு வரி போட்டுச் சமாளிங்க. நான் எழுதித் தாறேன்."

அவள் எழுதித் தருவதற்குள் அவன் மெஷினை ஓட்டிவிட்டான். புதன்கிழமை வந்த லேபிளில், சிங்கத்தின் காலடியில் பாடத்தின் வரி அப்படியே இருந்தது: 'தே நெவர் டிஸ்டர்ப் ஈவன் எ பேர்ட்.'

"டிஸ்டர்ப் எனக்குத் தெரியும், பேர்டும் தெரியும். பறவையெல்லாம் பதறி ஓடும்னுதானே?"

"ஒரு குருவியக்கூடத் தொந்தரவு பண்ண மாட்டாகளாம்!" என்று சொல்லிவிட்டு அவள் அழுதேவிட்டாள். லேபிள் எல்லாம் வெடியில் ஒட்டியாகிவிட்டது.

வியாழக்கிழமை ஆபீசில் சொர்ணலட்சுமியம்மா குடோன் ஆள் சோலைச்சாமியைக் கூப்பிட்டார். "புதுச் சரக்குல நாலு எடுத்துப் பின்னால பொட்டல்ல வச்சுப் பாரு. சாயந்தரம் லோடு ஏத்தணும்." அவன் போனதும் ஒரு டப்பாவைப் பாண்டிச்செல்வி முன்னால் நகர்த்தினார்.

"எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். இதுக்கு அர்த்தம் சொல்லு பாப்போம்."

பொய் சொல்லி மாட்டினால் ஆபீஸ் நாற்காலி போகும். உண்மையைச் சொன்னால் புருஷன் பிழைப்பு போகும். படுபாவி மனுஷன்தான், ஆனாலும் அவளுக்கு உயிர். அதற்காக அம்மா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"சாந்தமான அமைதியான வெடி. ஒரு குருவியக்கூடத் தொந்தரவு பண்ணாது. தப்பு என் மேலதாம்மா, வீடு பூரா நான்தான் கத்திக் கத்திப் படிச்சேன். அவர ஒண்ணும் செஞ்சிராதீக."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உண்மையச் சொன்னதுக்காக ஒன்ன எடுத்துக்கிறேன். ஆனா ஒன் வீட்டுக்காரன் நாளையிலருந்து இந்தப் பக்கம் வரக்கூடாது. லேபிள்ல என்ன இருக்கோ அதுதான் உள்ள இருக்கணும். எங்கப்பா காலத்துலருந்து இந்தக் கம்பெனிக்கு அதுதான் பேரு!"

அந்த நேரம் சோலைச்சாமி தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தான்.

"முதலாளியம்மா, மழையில குடோன் ஒழுகி மருந்து நமுத்துப்போச்சு போல. திரிதான் எரியுது, ஒண்ணுகூட வெடிக்கல. பக்கத்துல ஒரு குருவி அது பாட்டுக்குக் கம்பு பொறுக்கிக்கிட்டு இருக்கு, தலையக்கூடத் தூக்கல!"