வேறொருவன் ஓட்டும் வண்டியில் அட்லாண்டா வரை

என் மகள் ஓபியாகெலிக்கு,

எனுகுவிலிருந்து உன் அப்பா சில்வானஸ், ஆண்டவன் தயவில் கைகால் நன்றாக இருக்கும்போதே எழுதுவது. இங்கே நான் சுகம், ஆடுகள் இரண்டும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், பேறுகாலம் பார்க்க வந்த உன் அம்மாவும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத பேத்தியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

ஆஸ்பத்திரிக் காகிதத்துக்குக் குழந்தைக்கு ஒரு பேர் வைத்தாயிற்று, நம் ஊர்ப் பேரை நீங்கள் வந்து வையுங்கள் என்று ஏழு வாரமாகக் கேட்கிறாய். அம்மா, நான் வருவதற்கில்லை. லாகோஸ் விமான நிலையத்திலிருந்து நீ இருக்கும் அட்லாண்டா எவ்வளவு தூரம் என்று டிக்கெட் போடும் கடையில் விசாரித்தேன். ஒன்பதாயிரத்து நானூறு கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம் என்றாள் அங்கிருந்த பெண். முப்பத்தொரு வருஷம் எனுகு–லாகோஸ் பஸ் ஓட்டியவனிடம் சொல்கிற கணக்கா இது? லாகோஸ் போகவே எனக்குப் பத்து மணி நேரம். இவள் சொல்லும் தூரத்துக்கு அதே மாதிரி பதினேழு தடவை போக வேண்டும்.

"சாப்பாட்டுக்கு எங்கம்மா நிறுத்துவான்?" என்று கேட்டேன்.

"நிறுத்த மாட்டாங்க ஐயா. கீழ கடல்."

"டிரைவர் ராத்திரி ஒழுங்காத் தூங்கினவன்தானா? பொண்டாட்டி புள்ள இருக்கா?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வராதுங்க."

போகட்டும், அடுத்தவன் ஓட்ட உட்கார்ந்து பழகுவோம் என்று போன வாரம் லாகோஸ் பஸ்ஸில் பயணியாக ஏறினேன். ஆயுசிலேயே முதல் தடவை. கிளம்புமுன், வழக்கம்போல ஒரு பாஸ்டர் பஸ்ஸில் ஏறி ஜெபம் சொன்னார். எல்லோரும் கண்ணை மூட, நான் மட்டும் டிரைவரைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொன்னேன். ஒனிட்ஷா பாலம் வருவதற்குள் என் வலது கால் மிதித்து மிதித்து மரத்துப்போனது. அங்கே பிரேக் இல்லை, முன்சீட்டுக்காரியின் கருவாட்டு மூட்டைதான் இருந்தது. அவள் ஒரு பக்கம் திட்ட, நான் ஒரு பக்கம் "லாரி! லாரி வர்றான்!" என்று கத்த, பாதி வழியில் பெனின் நகரம் வந்ததும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினான்.

"பெரியவரே, ஒண்ணு நீங்க ஓட்டுங்க, இல்ல நான் ஓட்டறேன். ஒரு வண்டிய ரெண்டு பேர் ஓட்ட முடியாது."

பஸ்ஸே சிரித்தது. நசுங்கிய கருவாட்டை என் தலையில் கட்டி அங்கேயே இறக்கிவிட்டார்கள். பஸ்ஸிலேயே இந்தக் கதி என்றால், நடுக்கடலுக்கு மேல் என்னை எங்கே இறக்குவார்கள்?

உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு, தன்னை ஒருத்தன் கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்று நம்பத் தெரியவில்லை. அதனால் நீங்களே பேர் வைத்துவிடுங்கள். உன் அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

குழந்தைக்குப் பல் வரிசையாக முளைக்கட்டும். நீ போகும் வழியில் பள்ளம் இல்லாதிருக்கட்டும். மாப்பிள்ளை வண்டிக்கு எந்நாளும் பிரேக் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. எழுதி முடித்த அன்று உன் அம்மா போனைக் குழந்தை வாயருகே வைத்தாள். அது ஒரு கொட்டாவி விட்டது. அதற்குமேல் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. விசா போன மாதமே வந்துவிட்டது, உங்களிடம் சொல்லவில்லை. இதை விமானத்தில் இருபத்தெட்டாம் வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் ஏழு மணி நேரமாம். தபாலில் போட்டிருந்தால் இது எனக்குப் பிறகுதான் வந்திருக்கும், அதனால் என் சட்டைப் பையிலேயே வருகிறது. வாசலில் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்காமல், முதலில் குழந்தையை என் கையில் கொடு.