திருஷ்டிக் காயில் வைத்த சூப்பு

கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். இதை ஒப்புக்கொள்ளவே ஐம்பது வயதாகிவிட்டது. (ஒப்புக்கொள்ளும்போதும் கோபமாகத்தான் வருகிறது.)

யுத்தத்துக்கு முந்தி மதுரையில் மாமாவின் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தேன். மாமா மகள் செல்லம்மாளை எனக்குக் கொடுப்பதா, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கா என்று வீட்டில் பேச்சு.

"பய வேலைக்காரன்தான். ஆனா எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறான். பொறுமையில்லாதவனுக்கு எப்படிப் பொண்ணைக் குடுக்குறது?" என்று மாமா அத்தையிடம் சொன்னது கேட்டது. (இந்த மாதிரிப் பேச்சு மட்டும் நன்றாகக் கேட்கும்.)

மாமாவுக்கு வயிற்றுக் கோளாறு. எண்ணெய் ஆகாது, காய்கறி சூப்பு குடி என்று டாக்டர் உத்தரவு. ஆயுத பூஜைக்குப் பட்டறையில் வடை பாயசத்தோடு சாப்பாடு. மாமாவுக்கு நானே பூசணிக்காய் சூப்பு வைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன். கம்பவுண்டரிடம் செய்முறையும் கேட்டாயிற்று. என் பொறுமையை எல்லோரும் பார்க்கட்டும்!

காலையில் மார்க்கெட்டில் காய்க்காரியோடு சண்டை போட்டு வெறுங்கையோடு திரும்பினேன். (பொறுமையை மத்தியானம் தொடங்குவதாக உத்தேசம்.)

பட்டறைக் கதவோரம் ஒரு வெள்ளைப் பூசணி இருந்தது. உச்சியில் ஏதோ கரி. வேட்டி நுனியால் துடைத்துத் தூக்கினேன்.

"தம்பி, அந்தக் காயி..." என்று மேஸ்திரி வீரணன் ஓடிவந்தார்.

"உம்ம சோலியப் பாரும்!"

அவர் போய்விட்டார்.

வேகவைத்து, மத்தால் கடைந்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, கொஞ்சம் பால் ஊற்றினேன். மாமா இரண்டு டம்ளர் குடித்தார்.

"வயித்துக்கு என்னா இதமா இருக்கு! மாப்ள, எம்புட்டுப் பொறுமையாக் கடைஞ்சிருக்க!"

கதவுக்குப் பின்னால் செல்லம்மாள் சிரித்தாள். குமாஸ்தா ஒழிந்தான் என்று நானும் ஒரு டம்ளர் எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்தார்.

"மொதலாளி, தெருவுல கூட்டம் கொறைஞ்சிருச்சு. தம்பி தூக்கிட்டுப் போன திருஷ்டிக் காயக் குடுத்தா ஒடைச்சிரலாம்."

நான் காய்க்காரியோடு மல்லுக்கு நின்றபோது இங்கே பூஜை முடிந்து, காயின் மேல் கற்பூரம் ஏற்றிப் பட்டறை முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். கோயிலுக்குப் போகிற சனம் வழுக்கி விழுமே என்று தெருவில் உடைக்காமல் ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

மாமா டம்ளரைப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி! பட்டறை மேல விழுந்த ஊர்க்கண்ணு அம்புட்டும் என் வயித்துக்குள்ளயா?"

தொடங்கினார். என் அறிவு, என் மூஞ்சி, என் அப்பா வழி ஆட்கள் ஏழு தலைமுறை, எதையும் விடவில்லை. மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்கு நாலாகக் கொடுத்திருப்பேன். அன்று தலைகுனிந்து நின்றேன். வேறென்ன செய்ய? வாய் நிறையத் திருஷ்டிச் சூப்பு. விழுங்கப் பயம். மாமா முன்னால் துப்பவும் முடியாது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அரைமணி நேரம் கழித்து மாமா மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"பாத்தியாடி," என்றார் அத்தையிடம், "இம்புட்டுத் திட்டியும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. கண்ணு கலங்கி நிக்கிறான். பய திருந்திட்டான்."

கொல்லைப்பக்கம் ஓடிப்போய்த் துப்பினேன். தை மாதம் கல்யாணம்.

முதல் சண்டையிலேயே செல்லம்மாளிடம் உண்மையை உளறிவிட்டேன். அன்றிலிருந்து நான் குரலை உயர்த்தினால் போதும், பேரப்பிள்ளைகள் முன்னாலேயே டம்ளரை நீட்டுகிறாள்:

"ஒரு வாய் சூப்பு ஊத்தவா?"