வீட்டுக்கு வீடு பைபர்

குரல் நன்றாக அமைந்தவர்களுக்கு யோசிக்கும் பழக்கம் குறைவு. என்னைத்தான் சொல்கிறேன். ஏரலில் நான் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த காலத்தில் கோயில் கொடை, ரத்ததான முகாம், காணாமல் போன ஆடு என்று எந்த அறிவிப்பாக இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணாச்சி மைக்கப் புடிச்சா ஆத்தூர் வரைக்கும் கேக்கும்" என்பார்கள். கேட்கும். என்ன கேட்கும் என்பதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஜனங்கள் டிவியை விட்டுவிட்டு செல்போனில் படம் பார்க்க ஆரம்பித்தார்கள். என் தொழில் படுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அரசாங்கம் ஊராட்சி அலுவலகங்கள் வரைக்கும் பூமிக்கடியில் பைபர் என்ற கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுவந்தது. அங்கிருந்து வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் வேலையை என்னைப் போன்ற கேபிள்காரர்கள் எடுத்துச் செய்யலாம் என்றார்கள். விழுந்தடித்துக்கொண்டு எடுத்தேன். ஏரலைச் சுற்றியும் கொற்கைப் பக்கமும் நன்றாகவே போயிற்று. அடுத்ததாகக் கடலோரத்தில் ஒரு மீனவ ஊர் கிடைத்தது. (ஊர் பெயர் வேண்டாம். இப்போதும் அங்கே போக வர இருக்கிறேன்.) மாதம் முடிவதற்குள் போதுமான வீடுகள் சேராவிட்டால் அந்த ஊர் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி அறிவிப்பு செய்வது என்று முடிவெடுத்தேன். நானே எழுதி, நானே பேசி, நானே பதிவு செய்தேன்:

"மீனவப் பெருமக்களே! வீட்டுக்கு வீடு பைபர்! அரசாங்கம் உங்கள் ஊர் வரை கொண்டுவந்துவிட்டது. உங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பொறுப்பு! பைபரும் நெட்டும் ஒரே இடத்தில்! இனி வேகம்தான்! இன்றே பெயர் கொடுங்கள்!"

என் மனைவி செல்வக்கனி கேட்டுவிட்டு, "இணையம்னு ஒரு வார்த்த சேருங்களேன்" என்றாள்.

"கடக்கரையில அதெல்லாம் புரியாது. பைபர்னா டக்குனு புரியும்" என்றேன்.

புரிந்தது. அதுதான் வினை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், ஊரே இருக்கும் என்பது என் தந்திரம். ஆட்டோ ஓட்டியது முத்துராஜ். பூசை முடிந்து ஜனங்கள் மாதா கோயிலை விட்டு வெளியே வரவும் என் குரல் தெருவுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. இரண்டே தெருதான் சுற்றினோம். ஆட்டோவுக்குப் பின்னால் கூட்டம் வந்தது. மீன் ஏலக்கூடத்தில் நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. பொரித்த சீலா மீன் வந்தது. யாரோ ஒருவர் என் தோளில் துண்டு போட்டார். கொற்கையில் ஒரு வாய் தண்ணீருக்கே நான் கேட்க வேண்டியிருந்தது. கடலோரத்து மக்களுக்கு இணையத்தின் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்வரிசையில் சூசை என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, எத்தன அடி வரும்?"

"அது வீட்டப் பொறுத்து. பக்கத்துல இருந்தா அம்பது அடி. தள்ளி இருந்தா இருநூறு அடி கூட வரும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "இருநூறு அடியா? கப்பலுல்லா அது!" என்றது ஒரு குரல். பாராட்டுகிறார்கள் என்று நினைத்துத் தலையசைத்தேன்.

"ஒரே நேரத்துல எத்தன பேருக்குத் தாங்கும்?"

"பத்துப் பேரு சேந்து ஓட்டுனாலும் வேகம் கொறையாது."

"பத்துப் பேரு எதுக்கு ஓட்டணும்?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

ஜெசிந்தா என்ற பெண் எழுந்தார். மகளிர் குழுத் தலைவி. "அண்ணாச்சி, எஞ்சின் நாங்க வாங்கணுமா, நீங்க தாறியளா?"

மோடத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். (ஊருக்கு ஊர் ஒரு பெயர். கொற்கையில் அதை லைட்டுப் பெட்டி என்றார்கள்.) "எஞ்சின் எங்களது!" என்று முழங்கினேன். கைதட்டினார்கள்.

"இந்த உப்புக்காத்துல வெளிய போட்டா கெட்டிராதா?" என்றார் சூசை.

"வெளிய ஏன் போடணும்? வீட்டுக்குள்ள சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிருவோம்."

கைதட்டல் நின்றது. நான் நிற்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி படாம பாத்துக்கிடணும். தண்ணி பட்டா அம்புட்டுதான்."

சூசை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணியில எறக்காம போட்ட வச்சு நாங்க என்ன செய்ய, தம்பி?"

"எந்தப் போட்டு?"

"நீங்க குடுக்க வந்த பைபர் போட்டுதான்."

கடலோரத்தில் பைபர் என்றால் படகு. மரவள்ளங்கள் போய் பைபர் படகுகள் வந்த நாளிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. கூடவே 'நெட்' என்று சொல்லி வலையும் தருவதாக வேறு அறிவித்திருக்கிறேன். இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், துண்டு போட்டுக்கொண்டிருந்த ஒருவனைத் தவிர.

கேபிள், கண்ணாடி இழை, வெளிச்சம் என்று என்னென்னவோ விளக்கினேன். பின்வரிசையில் ஏச்சு ஆரம்பித்தது. துண்டைப் போட்டவரே வந்து எடுத்துக்கொண்டார். முத்துராஜ் பதறிப்போய் ஆட்டோவைக் கிளப்பினான். பின் சக்கரம் மணலில் இறங்கியது. பேட்டரியோடு சேர்த்துக் கட்டியிருந்த ஸ்பீக்கருக்கும் உயிர் வந்தது.

"மீனவப் பெருமக்களே! வீட்டுக்கு வீடு பைபர்!"

"ஏலே, அத நிறுத்துலே!" என்று பத்துப் பேர் கத்தினார்கள். அவன் ஏதோ ஒரு குமிழைத் திருப்பினான். சத்தம் இன்னும் கூடியது. கடைசியில் ஏசிக்கொண்டிருந்தவர்களே வந்து ஆட்டோவைத் தள்ள வேண்டியதாயிற்று. தள்ளத் தள்ள என் குரல் அவர்கள் காதுக்குள்ளேயே, "இனி வேகம்தான்!" என்றது. முதலில் சிரித்தது ஒரு கிழவி. அப்புறம் யாராலும் தள்ள முடியவில்லை. மணலிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

சூசை மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய படகு அடிப்பகுதியில் விரிசல் விட்டுக் கரையில் கிடந்தது. அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பரவாயில்ல தம்பி. கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்தப் பேச்சு இன்னும் என்னை விடவில்லை.

அப்போதுதான் ஜெசிந்தா என் முன்னால் வந்து நின்றார். "போட்டு பொய். நெட்டாவது நெசமா?"

"நெசம், தாயே."

"எங்க வீட்டுக்காரரு கப்பல்ல போறாரு. துறைமுகத்துல நின்னா வீடியோல கூப்பிடுவாரு. இங்கன டவர் கெடைக்காம மூஞ்சி அப்படியே நின்னுரும், கண்ண மூடுனா மூடுனபடி. சின்னவ, 'அப்பா எப்பவும் தூங்குதாவ'ன்னு சொல்லுதா. அது சரியாவுமா?"

"சரியாவும்."

"அப்ப ஸ்பீக்கர் குழாய் இங்கனயே கெடக்கட்டும். கனெக்சன் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். செல்வக்கனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

மறுவாரமே வேலை ஆரம்பித்தோம். ஊராட்சியில் கருவி வைக்க ஓர் அறை ஒதுக்கினார்கள். பங்குச் சாமியார் கோயில் மதில் ஓரமாகக் கேபிள் போட அனுமதி கொடுத்தார். கேபிள் இழுக்க என்னிடம் ஆள் போதவில்லை என்றதும், ஏசியவர்களில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கரைவலை இழுக்கிற மாதிரி வரிசையாக நின்று, "வீட்டுக்கு வீடு!" என்று ஒருவர் சொல்ல, "பைபர்!" என்று மற்றவர்கள் சொல்லி இழுத்தார்கள். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

முதல் இணைப்பு ஜெசிந்தா வீட்டுக்கு. ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்திலிருந்து அவர் கணவர் கூப்பிட்டார். முகம் தெளிவாக வந்தது. சிரித்தார், இமைத்தார், மறுபடியும் இமைத்தார். "அம்மா, அப்பா முழிச்சிட்டாவ!" என்று சின்னவள் கத்தினாள். ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"அங்கன நிக்கது யாரு?" என்றது போன். "போட்டு குடுக்க வந்தாவளே, அந்த அண்ணாச்சியா?"

நெட் இல்லாத ஊரிலிருந்து அந்தச் செய்தி மட்டும் எப்படியோ கப்பலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

சூசைக்குப் படகு மானியத்துக்கு அந்த வீட்டிலிருந்தே ஆன்லைனில் விண்ணப்பித்தோம். அதிகாரிகள் வந்து பழைய படகைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அனுமதி இன்னும் வரவில்லை. வரும் என்கிறார் சூசை. அதுவரைக்கும் காற்றும் அலையும் எப்படி என்று போனில் பார்த்துவிட்டு, கூலிக்குப் போகும் படகின் ஓனருக்கு அவர்தான் சொல்கிறார்.

போன வாரம் வேறொரு கடலோர ஊரிலிருந்து ஓர் ஆள் எங்கள் கடைக்கு வந்தார். இங்கே பைபர் போட்டு விற்பதாக யாரோ சொன்னார்களாம். செல்வக்கனி கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "ஆணியில மாட்டுறதுதான் இருக்கு அண்ணாச்சி, பரவாயில்லையா?" என்று கேட்டு, முழுக் கதையையும் நடித்தே காட்டினாள். (இருநூறு அடிக்குக் கையை விரிக்கும்போது பேனா டப்பா கீழே விழுந்தது.) நான் பழைய மோடம் ஒன்றைக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அந்த நெட்டு எங்க ஊருக்கும் வருமா?"

"வரும் அண்ணாச்சி" என்றாள் செல்வக்கனி. "இவுகள மைக்குப் புடிக்க விடாம நானே கூட்டிட்டு வாறேன்."