ஏரிக்குள் விழுந்த சறுக்கு வீரன்

கணினித் திரையில் பனிச்சறுக்கு வீரன் மூன்றாவது தடவையாக ஏரிக்குள் விழுந்தான். கலெர்வோ கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

“பாத்தியா மார்கெட்டா, நான் தொடவே இல்லை. இவனே இடது பக்கமா போறான்!”

“அப்ப அது கெட்டுப்போச்சு,” என்றாள் மனைவி, உருளைக்கிழங்கைச் சீவியபடி.

அதுதான் அவருடைய பயமும். புத்தகத்தோடு விளையாட்டுச் சாதனங்களும் இரவல் தரும் கொய்வுலம்பி நூலகத்திலிருந்து அன்று காலைதான் அந்த வயர்லெஸ் கேம் கன்ட்ரோலரை எடுத்திருந்தார். வரும் வழியில் பனிக்கட்டி வழுக்கி, தொண்ணூற்றைந்து கிலோவோடு அந்தப் பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“போய் உண்மையைச் சொல்லிடு. அவங்க என்ன கடிச்சா தின்னுடுவாங்க?”

“முப்பது வருஷமா ஒரு பக்கம்கூட மடங்காம புத்தகம் திருப்பிக் குடுத்தவன் நான். சரி பண்ணித்தான் குடுப்பேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரமிருக்கு.”

முதலில் சைக்கிள் சங்கிலிக்குப் போடும் எண்ணெயில் இரண்டு சொட்டு கன்ட்ரோலருக்குள் விட்டார். வீரன் இடது பக்கம் போவதோடு நிற்காமல், இப்போது குதிக்கவும் தொடங்கினான்.

“முன்னாடி சறுக்கிப் போய் விழுந்தான். இப்ப பாஞ்சு விழறான். முன்னேற்றம்தான்,” என்றாள் மார்கெட்டா.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையிலேயே திருகாணிகளைக் கழற்றினார். மூடியைத் திறந்ததும் ஒரு குட்டி ஸ்பிரிங் எகிறி எங்கோ பறந்தது. இருவரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். கடைசியில் மார்கெட்டாவின் பட்டாணி சூப்பில் கிடைத்தது.

“கலெர்வோ, நான் பாதி குடிச்சாச்சு. இன்னும் எத்தனை ஸ்பிரிங் வரணும்?”

“ஒன்னுதான்... அப்படித்தான் நினைக்கிறேன்.”

கழுவி மாட்டினார். உடனே கன்ட்ரோலர் நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தவே முடியவில்லை. நடுங்கி நடுங்கியே மேசை விளிம்புக்குப் போய், காபிக் கோப்பையைத் தள்ளிவிட்டது.

“விட்டுடேன்பா!”

“விடறதாவது! இது எப்படி வேலை செய்யுதுன்னே தெரியாம இதுவரைக்கும் குத்திக்கிட்டிருந்தேன். மொதல்ல அதைப் புரிஞ்சுக்கறேன்.”

பூதக்கண்ணாடியை எடுத்தார். எண்ணெயைத் துடைத்தார். ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்து காகிதத்தில் வரைந்தார். நடுக்கத்துக்குக் காரணம் அவரே இடம் மாற்றிச் செருகிய ஒரு வயர். அதைச் சரியான இடத்தில் செருகினார். கட்டைவிரலால் அசைக்கும் குச்சிக்கு அடியில் கடுகளவு இரண்டு சக்கரங்கள் இருந்தன. ஒன்று இடம் வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. அவை எவ்வளவு திரும்பின என்பதைத்தான் கணினி கேட்டுக்கொள்கிறது. அதில் ஒரு சக்கரம் கோணலாக உட்கார்ந்திருந்தது. குச்சி நடுவில் நின்றாலும் ‘இடது, இடது’ என்று அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

மூச்சை அடக்கி, தையல் ஊசியால் நிமிர்த்தினார். மூடினார். கணினிக்குக் கன்ட்ரோலர் இருப்பதே தெரியவில்லை. மறுபடி திறந்தார். முடி மாதிரியான ஏரியல் கம்பி மூடிக்குள் நசுங்கியிருந்தது. எடுத்து ஓரமாக வைத்தார். மூடினார்.

வீரன் அசையாமல் நின்றான். பிறகு அவர் சொன்ன திசையில் மட்டும் போனான்.

“ஏய், நிஜமாவே சரி பண்ணிட்ட!” என்று மார்கெட்டா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நூலகத்தில், தலையை நிமிர்த்திக்கொண்டு கன்ட்ரோலரை நீட்டினார். நூலகர் ஹில்லெவி அதை வாங்கிப் பார்த்தாள்.

“ஒன்னு சொல்லணும். இது மேல விழுந்து நான்தான் கெடுத்தேன். ஆனா நானே பிரிச்சு, அந்தக் கோணல் சக்கரத்தை நிமிர்த்திட்டேன். இப்ப புதுசு மாதிரி ஓடும்.”

ஹில்லெவியின் முகம் வெளுத்தது. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஐயோ, வகுப்புக்கு வச்சிருந்ததைத் தவறி உங்களுக்குக் குடுத்துட்டேனா! ரிப்பேர் கத்துக்க இப்ப பன்னெண்டு பேர் வராங்களே... அந்தச் சக்கரத்தைக் கோணலாக்க நாங்க ரெண்டு நாள் கஷ்டப்பட்டோம்!”